ட்ரிப் ஷீட்டில் எழுதிய ஏழு கல்லூரிகள்

பள்ளி ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு நினைவு எழுதித் தர வேண்டும் என்று நம் பன்னிரண்டாம் வகுப்பு குரூப்பில் செய்தி வந்ததும் முதலில் கை தூக்கியவள் நான்தான். உங்களில் யாருக்கும் அது ஆச்சரியமாக இருந்திருக்காது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டு, கேள்வி வேறு என்று தெரிந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். ஆனால் கை தூக்கிய பிறகு மூன்று வாரம் ஒரு வரி எழுதவில்லை. எதை எழுத வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் காரணம்.

நமக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இருந்தாலும் போன மாதம் காதோரத்தில் ஒரு வெள்ளை முடியைப் பார்த்தேன். உங்களில் இரண்டு பேர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டீர்கள். நம் பள்ளிக்கு எதிரே குல்ஃபி வண்டி நின்ற காலி மனையில் இப்போது லாரிகளை எடை போடுகிறார்கள். நினைவு என்று சொல்லிக்கொள்ள நமக்கும் கொஞ்சம் உரிமை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் அங்கே படித்தேன் என்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் சொன்னேன். வீட்டில் வேறொரு காரணம் சொன்னேன். இரண்டும் பொய்.

கம்ப்யூட்டர் மிஸ் கரும்பலகையில் ஏழு கட்டம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? மதிப்பெண் பட்டியல் வாங்கப் போன அன்று. கரண்ட் இல்லை. மிஸ்ஸின் கையில் இருந்த சாக்பீஸ் வியர்வையில் ஊறி எழுத்து பாதிதான் விழுந்தது. இன்ஜினியரிங் சேரக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான், அதில் பதிவு செய்தாயிற்று, இனி உங்கள் முறை வரும்போது மூன்று நாள் தருவார்கள், அதற்குள் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"ஒரு பாரத்த ஏழு காலேஜுக்கு எப்டி மிஸ் அனுப்புவாங்க? ஜெராக்ஸ் எடுத்தா?"

"ஜெராக்ஸும் இல்ல ஒன்னும் இல்லடி. கம்ப்யூட்டர் பாத்துக்கும். உக்காரு."

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது யாருக்கும் போதவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் என்னைச் சுற்றிக்கொண்டீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விளக்கிச் சொல்வதற்கு ஆள் கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம். எதிரே நின்ற குல்ஃபி வண்டியைக் காட்டித்தான் சொன்னேன்.

"அவர்ட்ட போயி பிஸ்தா இருக்கான்னு கேக்குற. இருந்தா குடுத்துட்டு வண்டிய தள்ளிக்கினு போயிடுவாரு. இல்லன்னாதான் நீ அடுத்தத கேப்ப. மொதல்லயே சேமியா ஐஸ் இருக்கான்னு கேட்டன்னு வெச்சிக்கோ, அது எப்பவும் இருக்கும், அத கையில குடுத்துட்டுப் போயிடுவாரு. அப்பறம் நீ பின்னாடியே பிஸ்தா பிஸ்தான்னு ஓடனாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு."

"அப்ப புடிச்சத மேல போடணும்" என்றாள் என் பெஞ்ச்காரி.

"ரொம்பப் புடிச்சது ஒன்னாம் நம்பர். மேலேர்ந்துதான் பாத்துக்கினு வருவாங்க. எது கெடைக்குதோ அதோட நின்னுடும்."

அன்றைக்கு மட்டும் பதினோரு பேருக்குச் சொன்னேன். இரண்டு பேரின் அம்மாக்களுக்கும் போனில் சொன்னேன்.

எனக்குப் பிஸ்தா எது என்று உங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, சென்னையில் இருந்த அந்த அரசுக் கல்லூரி. ஆய்வுக்கூடத்தில் ஒரு அக்கா மைக் ஒன்றை என் வாயருகே நீட்டி, ஏதாவது பேசு என்றாள். பேரைச் சொன்னேன். இருட்டுத் திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளிக் குதித்து அடங்கியது. "இதான் நீ" என்றாள். நீங்களெல்லாம் வெளியே போய் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மறுபடி வரிசையில் நின்று இன்னொரு முறை பேரைச் சொன்னேன். அதே கோடு வரவில்லை, கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. அதைப் பற்றி இரண்டு வருஷம் யோசித்தேன். இரண்டு வருஷம் அதற்காகத்தான் படித்தேன்.

எங்கள் முறை வந்த முதல் நாள் காலையில் என் கழுத்தில் இரண்டு கொப்புளம். மத்தியானத்துக்குள் முதுகெல்லாம். ஆடி பிறந்தும் வெயில் தணியாத வருஷம் அது.

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டை உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். கீழே நாங்கள். மாடியில் போன் கம்பெனியில் வேலை செய்கிற தென்காசிப் பக்கத்து அக்காமார் நான்கு பேர் வாடகைக்கு. அம்மா உள்ளறையைக் கழுவிவிட்டுப் பாய் போட்டாள். சுவரில் இருந்த மாதா படத்துக்குப் பின்னால் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினாள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வேதக்காரங்க வூட்லயும் வேப்பிலையா?" என்று இழுத்தாள்.

"மாதா ஒன்னும் வேப்பிலைய வாணாம்னு சொல்லலியே" என்றாள் அம்மா.

அப்புறம் சட்டங்கள் வந்தன. எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது, சீப்பு கூடாது. போனைப் பார்க்கவே கூடாது, கண்ணில் இறங்கிவிடும். அந்த அறையிலிருந்து துணி, காகிதம், பேனா எதுவும் வெளியே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் அப்பா உள்ளே வரக் கூடாது.

அப்பாவுக்கு அதுவரை அம்மை போட்டதில்லை. அவர் கம்பெனி பஸ் டிரைவர். குன்றத்தூரில் ஆரம்பித்து ஒரகடம் வரை தினமும் ஐம்பது பெண்களை ஏற்றி இறக்குகிறவர். அவருக்கு வந்தால் பஸ்ஸுக்கே வரும், பஸ்ஸுக்கு வந்தால் கம்பெனியில் லைனே நிற்கும் என்று பயந்தார். அந்த நாட்களில் அவர் தூங்கியதும் பஸ்ஸுக்குள்தான். சோற்றை அம்மா வாசலில் வைப்பாள். ஜன்னல் பக்கம் வந்து, "இன்னாம்மா, அரிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதல் நாள் அம்மாவிடம் போனைக் கேட்டு அழுதேன். இரண்டாம் நாள் அழ முடியவில்லை. காய்ச்சல் வந்தால் உடம்பு தன்னுடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படிக் கிடந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா ஒரு வழி சொன்னாள். "நீ வாயால சொல்லு. அப்பா எழுதிக்கினு போயி ஒரகடம் நெட் சென்டர்ல போட்டுட்டு வந்துடுவாரு. இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும்தான டைமு?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். காக்கிச் சட்டையின் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையில் அவருடைய ட்ரிப் ஷீட் பேடு.

கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பேடுதான் எல்லாம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு தாள். மேல் வரியில் 'புறப்படும் இடம்' என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே நிறுத்தங்களுக்கு ஐந்து வரி. அடியில் தடித்த கட்டம் போட்டு 'சேருமிடம்'. அடியில் கார்பன் வைத்து எழுதி, மேல் தாளைக் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுக்க வேண்டும். அடித்துத் திருத்தியிருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா இருபது வருஷமாக அந்தத் தாளில் அடித்தல் இல்லாமல் எழுதுகிறவர்.

"சொல்லும்மா. இன்னா மொதல்ல?"

"சென்னை காலேஜ்பா. அதான் முக்கியம். அங்கதான் போணும் நானு."

"செரி. போவ வேண்டிய எடம் சென்னை." எழுதிக்கொண்டார். "அடுத்து?"

அடுத்தது தாம்பரம் பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கல்லூரி எண்ணையும் சொன்னேன், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆறாவதாகக் குன்றத்தூர் பக்கத்துக் கல்லூரி. ஏழாவதாக, நம் ரோட்டோரத்தில் நீலக் கண்ணாடி வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அது.

"இது எதுக்கும்மா? கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல கீது."

"சும்மா ஒரு காப்புக்குப்பா. அந்த அளவுக்கு வராது."

"எழுதிட்டேன். படிக்கிறேன், செரியா பாத்துக்கோ."

அப்பா எதை எழுதினாலும் படித்துக் காட்டுவார். கேட்டில் செக்யூரிட்டியிடம் படித்துப் படித்து வந்த பழக்கம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொற..." என்று ஆரம்பித்தார்.

"செரிப்பா, செரிப்பா. எல்லாம் செரியாத்தான் இருக்கும். டைம் ஆவுது, போயிட்டு வா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நெட் சென்டரில் நடந்தது எனக்குப் பிற்பாடு அந்தக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அப்பா தாளை நீட்டியதும் அவர், "இதே ஆர்டராண்ணே?" என்று கேட்டிருக்கிறார்.

"இதே ஆர்டர்தாம்பா. ட்ரிப் ஷீட்ல ஏறிட்சின்னா மாத்தக் கூடாது."

அவரும் மாற்றவில்லை. மேலேயிருந்து கீழே ஏழையும் அப்படியே அடித்தார். அப்பாவின் பட்டன் போனுக்கு வந்த எண்ணை அப்பா ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, பூட்டிவிட்டார்கள். இருட்டுவதற்கு முன் அப்பா ஜன்னலுக்கு வந்தார்.

"பூட்டியாச்சும்மா. நிம்மதியா தூங்கு."

தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

மூன்றாவது தண்ணீரும் ஊற்றியாயிற்று. கொப்புளங்கள் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. வெயிலில் கையை நீட்டினால் தோல் வேறு யாருடையதோ போல இருந்தது. அன்று முதல் ஷிப்டை இறக்கிவிட்டு அப்பா வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். பஸ்ஸை வேப்பமரத்தடியில் விட்டு, இறங்கி, ஒரு டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

"இன்னாப்பா?"

"மெசேஜ் வந்துட்ச்சும்மா. நம்ம முன் சீட்டு பொண்ணுதான் பட்ச்சி சொல்லிச்சு. பஸ்ஸுல எல்லாம் கை தட்டனாங்க."

போனை நீட்டினார். சின்னத் திரையில் ஆங்கில எழுத்துகள். ரோட்டோரக் கல்லூரி. நான் கேட்ட பாடப்பிரிவுதான். கடைசியில், உங்கள் முதல் விருப்பம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று ஒரு வரி.

"மொதல் ஸ்டாப்லயே எறக்கி வுட்டுட்டாம்மா" என்றார் அப்பா. "சென்னை வரைக்கும் வண்டி போவல." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் கேட்டார். "மார்க்கு பத்தலியாம்மா?"

எனக்குப் புரியவில்லை. முதல் விருப்பம் என்று எப்படி வந்தது? "பேடு எங்கப்பா?" என்றேன்.

"பஸ்ல, டேஷ்போர்டுல கீது."

அம்மை போட்டு எழுந்தபின் அன்றைக்குத்தான் வாசல் தாண்டினேன். பஸ்ஸுக்குள் டீசலும் நேற்றைய மல்லிகையும் சாம்பார் சிந்திய டப்பாவும் கலந்து ஒரு வாசனை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பேடைப் புரட்டினேன். மேல் தாள் நெட் சென்டருக்குப் போய்விட்டது. அடித்தாள் இருந்தது. கார்பனின் நீல எழுத்து, கொஞ்சம் மங்கல்.

புறப்படும் இடம்: ரோட்டோரக் கல்லூரி. அப்புறம் குன்றத்தூர். அப்புறம் மற்றவை, நான் சொன்னதற்கு நேர் எதிராக, ஒன்று விடாமல். அடியில் தடித்த கட்டத்துக்குள் சென்னை. அதற்கு மட்டும் இரண்டு முறை கோடு இழுத்திருந்தார், முக்கியம் என்று நான் சொன்னதால்.

ஒரு அடித்தல் இல்லை. கல்லூரி எண்கள் எல்லாம் சரி.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. ஸ்டீயரிங்கில் சுற்றியிருந்த சிவப்பு ரெக்ஸின் ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. அதை நகத்தால் இன்னும் கொஞ்சம் பிய்த்தேன். அந்தத் தாளைக் கிழித்து எடுத்து இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்தேன். மறு மாதம் புத்தகங்களை அடுத்த செட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. யாருடைய பரணில் இருக்கிறதோ.

வீட்டுக்குள் வந்தேன். அப்பா சாப்பிடாமல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாப்பா" என்றேன். "கொஞ்சம் பத்தல."

"பத்தலன்னா போவுது வுடு." உடனே தட்டை இழுத்துக்கொண்டார். "இவ்ளோ வாங்கனதே பெருசு. நானு எட்டாவதே ரெண்டு வாட்டி."

"மூணு வாட்டி" என்றாள் அம்மா.

"செரி, மூணு."

ஒப்புக்கொள்ள இரண்டு நாள் தந்திருந்தார்கள். மாடியில் இருந்தவர்களில் மூத்த அக்கா டிப்ளமோ படித்தவள், சின்ன வயதிலேயே அம்மை போட்டவள், அதனால் என்னிடம் தாராளமாக வந்துபோவாள். அவளுடைய போனில் பார்த்தோம்.

"ஏட்டி, இன்னும் மேல உள்ள காலேஜ் வேணும்னு கேக்கதுக்கு ஒரு பொத்தான் உண்டும்லா. ஒனக்கு அது வரவே இல்ல?"

"நான் மேலயேதான்க்கா இருக்கேன். இது என் ஒன்னாம் நம்பர்."

"என்னட்டி சொல்லுத?"

சொன்னேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பாட்ட சொல்லிருட்டி."

"சொன்னா?"

வேண்டாம் என்று அமுக்கினால் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அங்கே மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும், சென்னையில் மிச்சம் இருக்காது என்று மட்டும் சொன்னாள். வெளியே அப்பா பஸ் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலும் அந்தப் பேடில்தான் எழுதுவார், அதற்கு மறுநாளும். சொல்லியிருந்தால் ஒவ்வொரு நடைக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அப்படியெல்லாம் யோசித்தேனா? தெரியாது. இதெல்லாம் பிறகு நானே கண்டுபிடித்துக்கொண்ட நியாயமாகவும் இருக்கலாம். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"அமுக்கட்டா?" என்றாள் அக்கா.

"அமுக்குக்கா."

அன்று சாயங்காலம் என் பெஞ்ச்காரி போன் செய்தாள். என்னைவிட நாலு மார்க் குறைவு அவளுக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"சென்னை கெடச்சிட்ச்சுடி! பிஸ்தா! ஒனக்கு எந்த ஹாஸ்டல் கேக்கலாம்? சேந்தே கேப்போம்."

"நான் இங்கயே போட்டுட்டேன். ரோட்டோரத்துல."

"லூசாடி நீ? நீதான சைக்கிள் ஸ்டாண்டுல அந்தக் கத்து கத்தன?"

"எனக்கு வூட்டாண்டயே இருந்தா போதும்னு தோணுச்சு."

பிறகு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த காரணம் அதுதான்: வீட்டுப் பாசம். குரூப்பில் யாரோ அழுகிற முகம் போட்டீர்கள்.

நான்கு வருஷம் அந்தக் கல்லூரியில் படித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல ஆசிரியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தினமும் காலையில் அப்பாவின் பஸ் கல்லூரி வாசலைக் கடக்கும்போது இரண்டு ஹாரன் அடிப்பார். "ஒங்கப்பாடி" என்று வகுப்பே திரும்பும். பஸ்ஸில் புதிதாக ஏறுகிற பெண்களுக்கெல்லாம், "எம் பொண்ணு இங்கதான் படிக்கிது. மார்க்கு கொஞ்சூண்டு பத்தல, இல்லன்னா சென்னைதான்" என்று சொல்வாராம்.

அதோடு விடவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவோ என்று அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் சந்தையில் வல்லாரைக் கீரை கிடைக்கும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு, வாராவாரம் இரண்டு கட்டு வாங்கி வருவார். நான்கு வருஷம் என் டப்பாவில் வல்லாரைத் துவையல். பள்ளியில் இயற்பியலில் முதல் மார்க் வாங்கியவள் நான். பேசாமல் தின்றேன். ஒரு செமஸ்டரில் நல்ல மார்க் வந்தபோது அப்பா அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார், "கீரை வேலை செய்யிது" என்பது போல.

இப்போது ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். என் மேசையிலேயே அந்தக் கருவி இருக்கிறது. கோடு பச்சை இல்லை, மஞ்சள். அதன் முன்னால் பேரைச் சொல்லிப் பார்த்ததில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்பு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவின் பஸ்ஸில் முன் சீட்டில் வருகிற அக்கா. அன்றைக்கு மெசேஜைப் படித்துச் சொன்னவள் அவள்தான். பக்கத்தில் அவளுடைய மகள், பன்னிரண்டு முடித்தவள், கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

"வாம்மா. ஒன் ரூட்டையே புடிச்சிக்கினு வரா இவ" என்றாள் அக்கா. "அண்ணன் எல்லாம் எழுதிக் குடுத்துட்டாரு. நாளைக்குப் பூட்டணுமாமே?"

அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் பெருமை. "நீ வரதுக்குள்ள முட்ச்சிட்டேன். ஏழும் எழுதியாச்சு."

அந்தப் பெண்ணின் கையிலிருந்து தாளை வாங்கினேன். அதே அச்சு. மேல் வரியில் ரோட்டோரக் கல்லூரி. அடியில் தடித்த கட்டத்தில் சென்னை, இரண்டு கோடு.

"ஒன் மார்க் எவ்ளோம்மா?" என்றேன். சொன்னாள். என்னுடையதைவிட ஒன்று கூடுதல்.

"எது வேணும் ஒனக்கு?"

"சென்னைதான்க்கா."

இந்த வருஷம் முறையை மாற்றிவிட்டார்கள், இப்போது மேலேயிருந்துதான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. எதற்கும் முந்திக்கொள்கிற வாய். அந்தப் பெண் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை எடுத்தேன். சேருமிடத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று போட்டேன். அதற்கு மேல் இரண்டு. அப்படியே ஏறி, மேல் வரியில் ஏழு.

"இன்னாம்மா, அடிச்சி கிறுக்கற?" என்றார் அப்பா.

"இத தலைகீழா போடணும்பா. வேணுங்கறது மேல வரணும். மேலேர்ந்துதான் பாத்துக்கினு வருவாங்க. எது கெடைக்குதோ அதோட நின்னுடும், கீழ பாக்கவே மாட்டாங்க."

"ஓ. இந்த வருசம் அப்டியா?"

"எப்பவும் அப்டித்தான்பா."

முன் சீட்டு அக்கா என்னவோ கேட்க வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அம்மா அடுக்களையிலிருந்து டீயோடு வந்தவள் அங்கேயே நின்றாள். ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது.

அப்பா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். தாளை வாங்கி, நான் போட்ட எண்களை விரலால் தொட்டுக்கொண்டே கீழேயிருந்து மேலே போனார். மேலே போய் நின்றார்.

"அப்ப அன்னிக்கி ஒனக்கு மார்க்கு பத்துச்சாம்மா?"

"பத்துச்சுப்பா."

"நல்லாவே பத்துச்சா?"

"நல்லாவே பத்துச்சு."

தலையாட்டினார். பேடை மடியில் இழுத்து வைத்து, கார்பனைச் சரி செய்து, புதுத் தாள் ஒன்றைத் திருப்பினார்.

"அடிச்சித் திருத்தனத எடுத்துக்க மாட்டாங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "வேற எழுதித் தரேன் இரு."

முதல் வரியில் சென்னை. பிறகு ஒவ்வொன்றாக. அடித்தல் இல்லாமல் ஏழையும் எழுதி முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். டீ ஆறிப்போனது.

எழுதி முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "படிக்கிறேன், செரியா பாத்துக்கோ" என்றார். அந்தப் பெண்ணிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தார். இந்த முறை கடைசி வரி வரை கேட்டேன்.